இன்பராணி வீட்டு டிவிக்கு ஒன்றுமே ஆகவில்லை

ஜொகூரில், உலு திராமில் ஒரு தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு. அங்கே இருக்கிறவர்கள் எதை வாங்குவதென்றாலும் முதலில் இன்பராணியைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். ரைஸ் குக்கரா, வாஷிங் மெஷினா, வேலி ஓரமாக வந்து நின்று, "இன்பம், எது நல்லாருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் கடைப்பக்கம் போகமாட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருஷம் அவள் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் தரம் பார்க்கிற கியூசி லைனில் உட்கார்ந்தவள். வருகிற சாமானில் ஒன்றை எடுத்து ஆட்டி, தட்டி, போட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு. சூப்பர்வைசரே குனிந்து, "விட்டுடு லா, ஒரு பாக்ஸ்தானே" என்று காதைக் கடித்தாலும் சிவப்பைப் பச்சையாக்க மாட்டாள் என்று பெயர் வாங்கியவள். ஃபேக்டரியை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் தாமானில் தங்கிவிட்டது.

அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லையென்று சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன். சொந்தமாக ஒரு நகை இல்லை, கார் இல்லை, ஆனால் தன் வாக்கை நம்பி நாலு வீட்டில் சோறு வேகிறது என்பது அவளுக்குப் பெரிய விஷயம்.

அவளுடைய தம்பி கால்வின். அம்மா இறந்தபோது அவன் பள்ளிக்கூடப் பையன். இன்பராணிதான் சட்டை துவைத்துப் போட்டாள், ஞாயிற்றுக்கிழமை காதைத் திருகிப் பூசைக்கு இழுத்துப் போனாள், தன் சம்பளத்தில் பாதியை அவனுக்கென்றே ஒதுக்கினாள். வளர்ந்து சிங்கப்பூரில் ஒரு டிவி ஷோரூமில் சில வருஷம் வேலை பார்த்தான். திரும்பி வந்து கடைத்தெருவில் ஒரு கடை எடுத்து, செல்மோரா என்று யாரும் கேள்விப்படாத ஒரு பிராண்டைக் கொண்டுவந்து அடுக்கினான். பெரிய கம்பெனி டிவியின் பாதி விலைகூட இல்லை.

"பெரிய பிராண்டுன்னு வாங்குறோமே, அதெல்லாம் பேருக்குக் குடுக்குற காசு அக்கா. உள்ள இருக்குற பேனல் எல்லாம் ஒரே இடத்துலதான் செய்றாங்க" என்றான்.

"அதெல்லாம் நீ சொல்லாதே. ஓடட்டும், நான் பார்த்துச் சொல்றேன்" என்றாள் அவள்.

முதல் டிவியை அவள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்து வைத்தான். இன்பராணி சும்மா விடவில்லை. நாள் முழுக்க ஓடவிட்டு முதுகைத் தொட்டு எவ்வளவு சுடுகிறது என்று பார்த்தாள். வெள்ளைத் திரையைப் போட்டுப் புள்ளி தேடினாள். கறுப்புத் திரையைப் போட்டு ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். சில மாதம் கழித்துத்தான் வாய் திறந்தாள். "பரவால்ல, நம்பி வாங்கலாம்." அவ்வளவுதான். தாமானில் ஒவ்வொரு வீடாகச் செல்மோரா ஏறியது.

அவள் கணவன் வாலண்டைன் பாசிர் கூடாங்கில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். நல்ல மனுஷன், வாய் திறந்தால் காசு போய்விடும் என்பதுபோல் இருப்பான். அவனோடு வேலை செய்யும் வேலு வேறொரு மலிவு டிவி வைத்திருந்தான், அது வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஆகவே மலிவு என்பதற்காக ஒரு சாமானை இன்பராணி ஒதுக்கியதில்லை. விலையைப் பார்க்காதே, சாமானைப் பார் என்பதுதான் அவள் கட்சி.

இந்த மூன்று வருஷத்தில் அவள் வீட்டு டிவி இரண்டே தரம்தான் சின்னதாக முரண்டு பிடித்தது. முதல் தரம் சத்தம் கரகரத்தது. இரண்டாவது தரம், போன வருஷம், வலது பக்கத்து மேல் மூலையில் ஓர் இருட்டு விழுந்தது. இரண்டும் ஜூலை மாத வாக்கில், அவள் வடக்கே புக்கிட் மெர்தாஜாமுக்குப் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் கிளம்புகிற சமயம். தாமான் பெண்களோடு பஸ் பிடித்துப் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வருவது அவளுக்கு வருஷம் தவறாத வேண்டுதல். கால்வினிடம் சொன்னாள். "அது அப்டேட் பிரச்சனை அக்கா. நீ நிம்மதியா போயிட்டு வா, நான் வந்து பண்ணிடறேன்" என்றான். திரும்பி வந்தால் சத்தம் சரி, மூலையும் சரி. சேனல் வரிசை மட்டும் மாறியிருந்தது. "அப்டேட் பண்ணா அப்படித்தான்" என்றான். மூலையில் விழுந்த இருட்டு அப்டேட்டில் போகும் என்று கியூசி லைனில் உட்கார்ந்தவள் நம்பினாள் பாருங்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். சொன்னவன் கால்வின்.

சொன்னதை நம்பியதோடு நிற்கவில்லை. "நம்ம டிவிக்கு ஒண்ணுமே ஆகலங்க. ரெண்டு தடவ அப்டேட், அவ்வளவுதான்" என்று போகிற இடமெல்லாம் சொன்னாள்.

பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி அப்படித்தான் போன வருஷம் ஆகஸ்டில் ஒரு செல்மோரா வாங்கினாள். இன்பராணியைவிடச் சில வயது மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளைகள் சிங்கப்பூரில். முந்தின நாள் சீரியலில் மாமியார்க்காரி என்ன செய்தாள் என்று காலையில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பேரும் அலசுவார்கள். துணி காயப்போடப் போனவர்கள் துணியை மறந்துவிட்டுப் பேசுவார்கள். "ராணி" என்று ஊரில் அவளைக் கூப்பிட்டது புஷ்பவள்ளி ஒருத்திதான்.

தீபாவளிக்கு முன்பு அந்த டிவி செத்தது. பொட்டென்று போனது, சத்தம் இருக்கிறது, படம் இல்லை. கால்வின் வந்து பார்த்துவிட்டு, "இடி தாக்கியிருக்கு. இடிக்கு வாரண்டி கிடையாது ஆன்ட்டி" என்று போய்விட்டான். ஜொகூரில் இடிக்கா பஞ்சம்? சாயங்காலமானால் வானம் உடைகிறது. யாரும் மறுக்க முடியாத காரணம் அது.

புஷ்பவள்ளி மறுத்தாள். "இடி சத்தம் கேட்ட உடனே நான் பிளக்கைப் புடுங்கிடுவேன் ராணி. ஒரு நாளும் தவறுனதில்ல."

இன்பராணிக்குச் சுருக்கென்றது. தம்பியைப் பற்றிச் சொன்னால் மட்டும் அவளுக்கு அப்படித்தான். "மறந்திருப்பீங்க அக்கா. என் வீட்லயும் அதே டிவிதானே ஓடுது? எனக்கு ஏன் ஒண்ணும் ஆகல? தப்பை ஒத்துக்கிட்டா என்ன, ஏன் பொய் சொல்றீங்க?"

அந்தக் கடைசி வார்த்தை வாயைவிட்டு வந்திருக்க வேண்டாம். வந்துவிட்டது. புஷ்பவள்ளி காய்ந்த துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து துணியை வீட்டுக்கு முன்னால் காயப்போட ஆரம்பித்தாள். எதிரில் பார்த்தால், "நல்லாருக்கீங்களா?" என்பாள். "நல்லாருக்கியா" என்பது போய் "இருக்கீங்களா" வந்துவிட்டது. அந்த மரியாதை இன்பராணியை அறைந்ததுபோல் இருந்தது. ஆனாலும் தப்பு தன்மேல் இல்லை என்று அவள் திடமாக இருந்தாள். சான்றுதான் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறதே!

இதற்குள் தவக்காலம் நெருங்கிவிட்டது. பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குள் கூட்டம் கொள்ளாது. பாதிப் பேர் பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்துதான் வழிபாடு பார்க்க வேண்டும். அதற்காக மண்டபத்தில் இரண்டு பெரிய டிவி மாட்ட முடிவு செய்தார்கள். கால்வின் செல்மோரா தருகிறேன் என்றான், சீனப் புத்தாண்டுத் தள்ளுபடி விலையில். கோயில் கமிட்டித் தலைவர் அல்போன்ஸ் நிதானமான ஆள். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போட்டுக் காட்டட்டும். இன்பராணியும் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அவங்க சொன்னா வாங்கிடலாம்" என்றார்.

அந்த ஞாயிறு இன்னொன்றுக்கும் கடைசி நாள். போன வருஷத்துக் குருத்தோலைகளைத் திருப்பிக் கொண்டுபோய்க் கோயிலில் வைக்கிற பெட்டியில் போட வேண்டும். அவற்றை எரித்த சாம்பலைத்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். சனிக்கிழமை காலை இன்பராணி நாற்காலி போட்டு ஏறி, இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் இருந்த ஓலையை எடுத்தாள். வாசல் நிலையில் இருந்ததை எடுத்தாள். அப்புறம் டிவிப் பக்கம் போனாள்.

டிவிக்குப் பின்னால் ஓலை வைப்பது போன வருஷம்தான் புதிதாக ஆரம்பித்தது. மந்திரித்த குருத்தோலை இருக்கிற வீட்டை இடி அண்டாது என்பார்கள். கால்வின் எப்போது பார்த்தாலும் இடி இடி என்று பயமுறுத்திக்கொண்டிருந்தானே, அதனால் குருத்தோலை ஞாயிறு முடிந்து வந்ததும் ஒரு சின்னச் சிலுவை முடைந்து, தையல் பெட்டியிலிருந்த நீல நூலால் நடுவில் கட்டி, டிவியின் முதுகில் ஒயர் போகிற பள்ளத்துக்குள் செருகி டேப் ஒட்டியிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத இடம். இப்போது கையை விட்டுத் தடவினாள். ஓலை இல்லை. டிவியைத் திருப்பினாள். ஓலையும் இல்லை, டேப்பும் இல்லை, டேப் ஒட்டியிருந்த பிசுக்குகூட இல்லை. முதுகு புத்தம் புதிதாகப் பளபளத்தது.

வாலண்டைன் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் வந்து இறங்கி, மேசையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, டிவிக்குப் பின்னாடி வச்ச ஓலையை எடுத்தீங்களா?"

"எந்த ஓலை?"

"குருத்தோலை. டேப் போட்டு ஒட்டியிருந்தேனே."

பிய்த்த ரொட்டி கையிலேயே நின்றது. "அலமாக்" என்றான் வாலண்டைன், மெதுவாக, ஐயையோ என்று தனக்குத்தானே சொல்வதுபோல்.

கியூசி லைனில் உட்கார்ந்தவளுக்கு முகம் பார்க்கத் தெரியாதா? நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல, நீ கோவப்படாதே. அந்த மூலை இருட்டு இருந்துச்சில்ல. அது அப்டேட்ல போகாதாம். நீ புக்கிட் மெர்தாஜாம் போயிருந்தப்ப கால்வின் வேற டிவி கொண்டாந்து வச்சிட்டான். அதே மாடல்தான்."

"வேற டிவியா?"

"ஆமா. அதுக்கு முந்தின வருஷமும். சத்தம் கரகரன்னுச்சே, அப்பவும்."

இன்பராணி திரும்பி டிவியைப் பார்த்தாள். மூன்று வருஷம் ஊரெல்லாம் அவள் புகழ்ந்த டிவி அது இல்லை. முதலாவது போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. எதிரில் நிற்பது மூன்றாவது, அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

"நீங்க தூக்கிவிட்டீங்களா?"

"கனமா இருக்குதுன்னு ஒரு பக்கம் புடிச்சேன். 'அக்காகிட்ட சொல்லாதீங்க மாமா, வீணா கவலைப்படும்'னான். புது டிவி சும்மாதானே தர்றான், நமக்கு என்ன நஷ்டம்னு விட்டுட்டேன்."

"புஷ்பாக்கா டிவி போனப்ப, நான் வேலியில நின்னு கத்துனேனே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

வாலண்டைன் ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தான். எங்கே இருந்தான் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இதே மேசையில்தான் இருந்தான், ஜன்னல் திறந்துதான் இருந்தது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. ஃபேக்டரியில் சில சப்ளையர்கள் செய்கிற வேலை ஞாபகத்துக்கு வந்தது. லைனுக்கு நூறு பெட்டி மட்டமான சாமான் அனுப்புவார்கள். கியூசி கைக்குப் போகிற சாம்பிளை மட்டும் பொறுக்கி நல்லதாக வைப்பார்கள். சாம்பிளைப் பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால் நூறும் பாஸ். அப்படிச் செய்தவர்களை அவள் வாசல்வரை விரட்டியிருக்கிறாள். இப்போது அவள் கூடத்திலேயே, அவள் வளர்த்த கை, அதே வேலையைச் செய்திருக்கிறது. சாம்பிளாக நின்றது அவள் வீடு.

செருப்பைக்கூட மாட்டாமல் புஷ்பவள்ளி வீட்டுக்குப் போனாள்.

"வாங்க" என்றாள் புஷ்பவள்ளி. கதவைத் திறந்தாள், ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். உங்க டிவி தானாத்தான் போயிருக்கு. என் டிவியும் போயிருக்கு, ரெண்டு தடவ. எனக்குத் தெரியாம மாத்தியிருக்காங்க. நீங்க பிளக்கை எடுத்தது நெசம்தான்."

புஷ்பவள்ளி அவளை நேராகப் பார்த்தாள். "நெசம்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே."

இன்பராணி தலையைக் குனிந்துகொண்டாள். கூடத்து மூலையில் செத்த டிவி சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. தூக்கிப் போட மனமில்லை போலும். அதன் முதுகு இந்தப் பக்கம். முதுகின் நடுவில், புதுச் சாமான் வந்தால் எல்லாரும் வைப்பதுபோல், காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்கு அருகில், ஒயர் போகிற பள்ளத்தில், ஓர் ஓலைச் சிலுவை. நடுவில் நீல நூல்.

இன்பராணி அங்கேயே மண்டியிட்டுவிட்டாள். தொட்டுப் பார்த்தாள். அவள் முடிச்சு. அவள் டேப். மூலை இருண்டுபோன அவளுடைய டிவியைத் துடைத்து, பெட்டியில் போட்டு, புதுசு என்று பக்கத்து வீட்டிலேயே விற்றிருக்கிறான்.

"இது எப்படிக்கா இங்க?" என்றாள்.

"என்ன கேள்வி இது? டிவி வந்தப்பவே இருந்துச்சு. பொட்டு வைக்கத் திருப்பினேன், பார்த்தேன். நீதான் எனக்காக உங்க கோயில்ல வேண்டிக்கிட்டு, தம்பிகிட்ட குடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்னு நெனச்சேன். சொல்லாம செஞ்சிருக்கா பாரு, ராணி மனசே மனசுன்னு அன்னைக்கு அழுதுட்டேன்." புஷ்பவள்ளியும் குனிந்து சிலுவையைப் பார்த்தாள். "அதனாலதான் நீ என்னைப் பொய்க்காரின்னு சொன்னப்புறமும் அதை எடுத்துப் போடல. ஒரு காலத்துல எனக்காக வேண்டுனவதானேன்னு விட்டு வச்சிருக்கேன்."

இன்பராணி அழுதாள். மூன்று வருஷத்துக் கர்வம் முழுக்கக் கரைகிறமாதிரி, வெட்கம் பார்க்காமல் அழுதாள். வேண்டிக்கொள்ளவில்லை அக்கா, அது என் டிவிக்காக வைத்தது என்பதையும் சொன்னாள். சொல்லாமல் மறைத்திருக்கலாம். ஆனால் இன்னொரு பொய்யில் நிற்க அவளால் முடியவில்லை. புஷ்பவள்ளி கேட்டுக்கொண்டாள். அப்புறம், "எடுத்துக்க. உன்னதுதானே" என்றாள். கதவைத் திறந்ததிலிருந்து இதற்குள் ஒரு வார்த்தைதான் மாறியிருந்தது, "நீங்க" போய் "நீ" வந்திருந்தது. அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் சரியாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபம் நிறைந்திருந்தது. கால்வின் வெள்ளைச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, ஒரு பெரிய டிவியை ஸ்டாண்டில் ஏற்றி ஓடவிட்டிருந்தான். மீன்கள் நீந்தின, பூக்கள் விரிந்தன. கடையில் வைத்துப் பார்த்தால் எந்த டிவிதான் அழகாக இல்லை?

"மலிவுன்னா மட்டம்னு நெனைக்காதீங்க" என்று ஆரம்பித்தான். "நான் சொன்னா வியாபாரிம்பீங்க. எங்க அக்காவைக் கேளுங்க. மூணு வருஷமா அவங்க வீட்ல ஓடுது. ஒரு நாள் ரிப்பேர்னு வந்ததில்ல. அவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாலண்டைன் கடைசி வரிசையில் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்க இன்பராணி" என்றார் அல்போன்ஸ். "உங்க டிவி எப்படி?"

அவள் எழுந்து நின்றாள். "எந்த டிவியைக் கேக்கிறீங்க?"

சிலர் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை என்று. கால்வினும் சிரித்தான்.

"மொத டிவி ஒரு வருஷம் போல ஓடி, சத்தம் போச்சு. ரெண்டாவது டிவி மூலை இருட்டி, அதுவும் ஒரு வருஷத்துல போச்சு. இப்ப இருக்குறது மூணாவது. எனக்கு நேத்துதான் தெரியும். நான் திருவிழாவுக்குப் போன சமயம் பார்த்து என் தம்பி மாத்தி வச்சிருக்கான். போன டிவியைப் புதுசுன்னு புஷ்பாக்காவுக்கு வித்திருக்கான்." அவள் ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஓலைச் சிலுவையை எடுத்து மேசையில் வைத்தாள். "இதை என் டிவியில ஒட்டுனேன். அவங்க டிவியில இருந்து எடுத்தேன். நான் சொன்னேன்னு யார் யார் வாங்குனீங்களோ, எல்லாரும் என்னை மன்னிக்கணும். மலிவு டிவி எல்லாமே மோசமான்னு எனக்குத் தெரியாது. இது மோசம்."

திரையில் மீன்கள் மட்டும் நீந்திக்கொண்டிருந்தன. கால்வின் முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசலாம்" என்றான்.

"வீட்லதானடா செஞ்சே."

டிவியைப் பெட்டியில் போட்டு அவனே தூக்கிப் போனான். யாரும் கை கொடுக்கவில்லை. வெளியே வேன் அருகில் அவளைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது. தப்பு செய்தவன் முகமாக இல்லை, அடிபட்டவன் முகமாக இருந்தது. அதுதான் அவளை இன்னும் கொன்றது.

"உனக்கு என்னக்கா குறை வச்சேன்? ரெண்டு தடவ புது டிவி குடுத்தேன், ஒரு காசு கேட்டேனா? உன் டிவி போச்சுன்னு தெரிஞ்சா ஊரு முழுக்கச் சொல்லுவே. என் கடை என்னாகும்? கொஞ்ச நாள் தாங்கட்டும், அப்புறம் நல்ல பிராண்டா மாத்திடலாம்னு பார்த்தேன். அந்த டிவியையும் சரி பண்ணித்தான் குடுத்தேன். உள்ள லைட்டை மாத்தினேன். திரும்பப் போகும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஓலையைப் பார்க்கலையா நீ?"

"பின்னாடி யாரு பார்த்தா? ரிப்பேர் பண்ண ஆ செங்குக்கு இப்பதான் போன் போட்டுக் கேட்டேன், கழட்டும்போது இருந்துச்சாம். சாமி சாமான், நாம எடுக்கக் கூடாதுன்னு மறுபடி அதே இடத்துல ஒட்டிட்டாராம்."

"வேற சாமி கும்பிடுறவருக்குத் தொடக் கூடாதுன்னு தெரிஞ்சிருக்கு" என்றாள் இன்பராணி. "நீ எனக்கு டிவி குடுக்கலடா. என் வாக்கை எடுத்துட்டுப் போய் வித்துட்டே. சோறு வேணும்னு கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அது ஒண்ணுதானடா என்கிட்ட இருந்துச்சு."

"நான் உன் புள்ளை மாதிரிதானே வளந்தேன். எல்லார் முன்னாடியும் இப்படிப் பண்ணிட்டியே."

"புள்ளை மாதிரி வளந்ததாலதான் நான் டிவியைத் திருப்பிப் பார்க்கல."

திருநீற்றுப் புதன் சாயங்காலம் வரிசையில் நின்று நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டாள். ஞாயிறன்று பெட்டியில் போட்ட அவள் ஓலையும் அந்தச் சாம்பலில் இருந்தது. அவளுக்கு நாலு பேர் தள்ளி முன்னால் கால்வின் நின்றான். திரும்பும்போது, "அக்கா" என்றான், சின்ன வயதில் கூப்பிட்ட அதே குரலில். அவள் நகர்ந்து வழி விட்டாள், வேறு யாருக்கோ விடுவதுபோல.

வாசலில் கூட்டத்துப் பெண் ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "இன்பம், நீங்க அன்னைக்கு எழுந்து பேசுனது பெரிய விஷயம். இனிமே உங்களைத்தான் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம். எனக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கணும், எது நல்லாருக்கும் சொல்லுங்க."

இன்பராணி வாயைத் திறந்தாள். பிராண்ட் பெயர்கள் நாலைந்து நாக்கு நுனியில் இருந்தன. "எனக்குத் தெரியாதுங்க" என்றாள். வாழ்நாளில் இப்படி ஒரு பதிலை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தபோது வாலண்டைன் டிவி போட்டிருந்தான். நெற்றிச் சாம்பலோடு அவள் திரைக்கு எதிரில் வந்து நின்றாள். படம் கண்ணாடிபோல் இருந்தது, சத்தம் சுத்தமாக இருந்தது. வலது பக்கத்து மேல் மூலையையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"என்ன பார்க்கிறே? நல்லாத்தானே ஓடுது" என்றான் வாலண்டைன், சமாதானம் சொல்வதாக நினைத்து.

"ஆமா, நல்லாத்தான் ஓடுது. நான் எப்ப வீட்டை விட்டுப் போவேன்னு காத்துக்கிட்டிருக்கு." முந்தானையால் நெற்றிச் சாம்பலைத் துடைக்கப் போனவள், கையை இறக்கிக்கொண்டாள். "இந்த வருஷம் அன்னம்மா திருவிழாவுக்கு நான் போகல. பஸ்ல என் பேரைப் போட வேணாம்னு சொல்லிடுங்க."